இன்ஜினுக்குப் போட்ட எருமைத் தோல்

சாக்பீஸ் எடுத்து ஒரு கோடு போட்டேன். இன்ஜினின் முன்பக்கம் ஃபேன் பெல்ட் ஓடுகிற புல்லியின் மேல், நடுவிலிருந்து விளிம்பு வரை நேராக ஒரே கோடு.

"ஸ்டார்ட் பண்ணுங்க பாய்."

காதர் பாய் சாவியைத் திருப்பினார். ஆறு சிலிண்டரும் உறுமின. கூடவே சோழி குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

"போதும், நிறுத்துங்க."

குனிந்து பார்த்தேன். கோடு இரண்டாக உடைந்திருந்தது. நடுவில் இருந்த பாதி ஒரு இடத்தில், விளிம்பில் இருந்த பாதி இரண்டு விரல் தள்ளி.

காதர் பாய் இறங்கி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "வெள்ளிக்கிழம வண்டி ஓடுமா ஏழுமலை?" என்றுதான் கேட்டார்.

அது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் முற்றம். எழுபதுகளின் கடைசி. நான் அங்கே பிட்டர். காதர் பாய் முதலாளியின் கார் டிரைவர். பதினோரு வருஷமாக அவர்தான் ஓட்டினார். தொழிற்சாலைக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்ட லைன் வீட்டில் பெண்டாட்டி, மூன்று பெண்களோடு இருந்தார். வேலை போனால் வீடும் போகும். அவர் வெள்ளிக்கிழமை பற்றிக் கேட்டதற்கு அதுதான் காரணம்.

இந்த வாரமும் இரும்புதான்

"இரும்பு விஷயம் ஜாஸ்தியாக எழுதுகிறீர்கள்" என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது அதுதான். பிடிக்காதவர்களுக்கு இதே இதழில் சமையல் குறிப்பு இருக்கிறது, போய்ப் படிக்கலாம்.

அந்தக் கார் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார். மெட்ராஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. சிவப்பு நிறம். மூக்கு நீளம், உட்கார்ந்தால் இடுப்பு தரையைத் தொடும். ஆம்பூர் பஜாரில் அது போனால் பிரியாணி சாப்பிடுகிறவன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து பார்ப்பான். முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து போவார்.

கோடு உடைந்த அந்தப் புல்லிக்குப் பேலன்சர் என்று பெயர். வெளியே பார்த்தால் ஒரே இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் அது இரண்டு துண்டு. நடுவில் ஒரு குடம், சுற்றிலும் கனமான ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர்.

இன்ஜினுக்குள் கிராங்க் என்று ஒரு நீளமான தண்டு சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அந்தத் தண்டு, ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி, ஒரு மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்பும். கண்ணுக்குத் தெரியாது. அந்த உதறலை ரப்பரில் உட்கார்ந்திருக்கும் கனமான வளையம் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் என்றைக்காவது ஒருநாள் தண்டே உடையும்.

எங்கள் காரில் அந்த ரப்பர் செத்துப்போயிருந்தது. வெயிலும் எண்ணெயும் சேர்ந்து கரித்தூள் மாதிரி உதிர்ந்தது. வளையம் தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

புதுசு போட வேண்டும். வேறு வைத்தியம் கிடையாது. இதை இன்றைக்குச் சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் இதைச் சொல்லவில்லை.

எந்த ஆட்டத்துக்கும் தோல்

போர்மேன் சபாபதி வந்து பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"ரப்பர் பூட்டா இன்னாய்யா, நம்மகிட்ட தோல் இல்லையா?"

சிரிக்காதீர்கள். எங்கள் தொழிற்சாலையில் இது அன்றாடம் நடப்பது. தோலைப் பதப்படுத்துகிற மர டிரம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். அதைச் சுற்றுகிற மோட்டாருக்கும் கியருக்கும் நடுவே இருக்கிற இணைப்பில் ரப்பர் போட்டால் ஒரு மாசம் தாங்காது. எருமை முதுகுத் தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து அடித்துவிடுவோம். வருஷக்கணக்கில் நிற்கும். ஆட்டமா, அதிர்ச்சியா, கசிவா, எல்லாவற்றுக்கும் தோல். எங்கள் கேட்டின் கீல் கத்தாமல் இருந்ததுகூடத் தோலால்தான்.

நான் குடியாத்தம் நெசவுக் குடும்பம். வீட்டில் லுங்கி விசைத்தறி ஓடியது. தறியில் ஊடை நூலை ஓட்டுகிற நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்துத் தள்ளுகிற பிக்கர் இருக்கிறதே, அதுவும் எருமைத் தோல். நாள் முழுக்க அடி வாங்கும், உடையாது. அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கினேன், படித்தேன், பெயிலானேன். தறி ஓட்ட மாட்டேன், தறியை ரிப்பேர் பண்ணத்தான் போவேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவன். தோல் அடி தாங்கும் என்பது எனக்குப் பால் குடித்த நாளிலிருந்து தெரியும்.

அது அடி தாங்கும் சரி. வேறு என்ன தாங்காது என்று யோசிக்க வேண்டியவன் நான்.

புதுப் பேலன்சர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மாசக்கணக்கில் ஆகும். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்குகிறார். எங்கள் தோலை வாங்குகிற பெரிய பையர். கார் பைத்தியம் பிடித்தவர். அவரை அந்தச் சிவப்புக் காரில் அழைத்து வர வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். அம்பாசடர் இருந்தது. அதில் அழைத்து வந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

பூங்காவனம் கேட்ட கேள்வி

புல்லியைக் கழற்றினேன். வெளி வளையத்தைப் பிடித்து இழுக்காமல் நடுக் குடத்தில் போல்ட் மாட்டி ஒழுங்காகத்தான் இழுத்தேன். செத்த ரப்பரைச் சுரண்டினேன். கிடங்கிலேயே கனமான எருமைத் தோல் ஒன்றைத் தேடி எடுத்து முதுகெலும்பு ஓரமாகப் பட்டை பட்டையாக வெட்டினேன். ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய பழைய காலத்துத் தோல், பலகை மாதிரி.

பக்கத்து ஷெட்டில் பூங்காவனம் வேலை செய்துகொண்டிருந்தாள். குரோம் உப்பில் பதப்படுத்துகிற தோலைச் சோதிக்கிற வேலை. டிரம்மிலிருந்து வந்த தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். அப்படியே கிடந்தால் தோல் பதமாகிவிட்டது என்று கணக்கு. சுருண்டால் திரும்ப டிரம்முக்குப் போக வேண்டும். நாள் பூரா அந்த அடுப்புக்கு முன்னால்தான் நிற்பாள்.

"இன்னாண்ணா, பட்டத்தோல எங்க எடுத்துனு போற?"

"காருக்கு."

"பட்டத்தோல் கொதி தாங்காதேண்ணா. போட்டவொடனே சுருண்டுக்குமே."

"இது காருக்கும்மா, கொழம்புக்கு இல்ல" என்றேன். ஷெட்டே சிரித்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏண்ணா, காருக்குள்ள குளுகுளுன்னா இருக்குது?" என்று கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிடத் திரும்பிக்கொண்டாள்.

தோல் சூட்டில் சுருங்கும். அந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஆயிரம் பேர் நடுவே, ஒரு பெண் வாய்விட்டுச் சொன்ன பிறகும், ஒரு முட்டாள் அதையே வெட்டி இன்ஜினுக்குள் வைத்தான். பொம்பளை சொல்லி நான் கேட்பதா என்ற திமிர். வேறு காரணம் தேட வேண்டாம்.

மீன் எண்ணெயில் ஊறவைத்தேன். தோலுக்கு இஸ்திரி போடுகிற பெரிய பிரஸ் இருக்கிறது, அதன் அடியில் வைத்து வளையத்தையும் குடத்தையும் தோலோடு சேர்த்து அழுத்தினேன். கையால் அசைத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

காதர் பாய் பள்ளிகொண்டா வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சோழிச் சத்தம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகம் வந்தால் ஸ்டியரிங் நடுங்குமே, அதுவும் இல்லை. இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"தோஸ்த், நீ எங்கியோ பொறக்க வேண்டியவன்டா!"

முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லி ஷெட் முழுக்கக் கொடுத்தார். போர்மேனுக்கு இரண்டு.

ஒரு விஷயத்தை இத்தனை வருஷம் எவரிடமும் சொன்னதில்லை. கை துடைத்துவிட்டு பானட்டை மூடும்முன் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ரேடியேட்டர் அடியில் லேசாகக் கசிந்து தோல் நனைந்திருந்தது. சுட்டது. ஒரு ஓரத்தில் நகம் நுழைகிற அளவு இடைவெளி. பள்ளிகொண்டா போய்வந்ததற்கே அவ்வளவு.

பானட்டை மூடினேன். பேடா வாயில் இருந்தது.

பச்சைத் தோல் லாரியில் வந்த விருந்தாளி

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேட்டில் வாழைமரம், மேளம். முதலாளி ஜிப்பாவில் நின்றார். நாங்கள் எல்லோரும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம்.

சிவப்புக் கார் வரவில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எங்களுக்கு வரவேண்டிய லோடுதான். மேளக்காரன் கார்தான் வந்துவிட்டது என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டான். லாரியின் முன் சீட்டிலிருந்து கோட்டு சூட்டோடு வெள்ளைக்காரர் இறங்கினார். ஈ மொய்த்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். முதலாளி முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

வேலூர் தாண்டியதும் வளையம் கழன்று பறந்திருக்கிறது. ரேடியேட்டரைக் கிழித்து, பானட்டை உள்ளேயிருந்து குத்தித் தூக்கியிருக்கிறது. காதர் பாய் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். எவருக்கும் காயம் இல்லை. அது அவர் கைவாகு.

நானும் போர்மேனும் டிராக்டர் எடுத்துக்கொண்டு போனோம். காரைவிட்டு முப்பதடி பின்னால் கருவேல முள்ளில் அந்தத் தோல் கிடந்தது. நான் வெட்டிய பட்டை. காய்ந்து, கறுத்து, சுருண்டு, ஆட்டுக் கொம்பு மாதிரி. போர்மேன் அதை எடுத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், சாலையோரக் கால்வாயில் வீசினார். தோல் கழிவு ஓடுகிற கால்வாய். அதில் போனதை எவன் தேடுவான்?

"வாயத் தொறக்காத. ரெண்டு பேருக்கும் நல்லது."

முதலாளி அறை

மறுநாள் காலையில் மூன்று பேரையும் கூப்பிட்டார். வெள்ளைக்காரர் கிடங்கில் தோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ வேகம்பா போன?"

காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஜாஸ்திதான் மொதலாளி. தொர கேட்டாரு, அமுக்கிட்டேன். தப்புதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காதர் பாய் மாட்டு வண்டிக்குக்கூட வழி விடுகிற மனுஷன். அவர் காரோட்டினால் பின்னால் வருகிற டவுன் பஸ்காரன் திட்டுவான். இந்த மனுஷன் பழியை ஏன் சுமக்க வேண்டும்? என்னைக் காப்பாற்றவா? ஒரு அடி முன்னால் வந்தேன்.

"பொய் மொதலாளி. பாய் வேகமா ஓட்டல. பேலன்சர்ல ரப்பருக்குப் பதிலா தோல் வெச்சது நான். போர்மேன் சொன்னாரு, நான் வெச்சேன். சூட்ல சுருண்டு கழண்டுகிச்சி. தோல இவரு கால்வாய்ல தூக்கிப் போட்டுட்டாரு."

போர்மேன் அவசரப்படவில்லை. "பார்ட் வரட்டும்னுதான் சொன்னேன் மொதலாளி. இவன்தான் நம்மகிட்ட இல்லாத தோலான்னு துள்ளுனான்" என்றார். என் வாயில் அவருடைய வார்த்தை.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. காதர் பாயைத்தான் பார்த்தார்.

"அப்ப நீ பொய் சொன்னியா?"

காதர் பாய் தலை இன்னும் குனிந்தது.

"வேகமா ஓட்னவன திட்டிட்டு வுட்ருவேன். பொய் சொல்றவன் பக்கத்துல உக்காந்து நான் எப்டி ரோட்ல போறது?"

முடிந்தது. எனக்கும் வேலை இல்லை, அவருக்கும் இல்லை. போர்மேனுக்கு இருந்தது.

வெளியே வந்ததும் காதர் பாய் என் சட்டையைப் பிடித்தார். பதினோரு வருஷத்தில் அவர் எவன் மேலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

"உன்ன எவன்டா கேட்டான்?"

"பாய், உங்களுக்காகத்தான..."

"எனக்காகவா? காலைல போர்மேன் வூட்டுக்கு வந்தான்டா. வேகம்னு ஒத்துக்கோ, மொதலாளி கத்துவாரு, ரெண்டு மாசம் லாரிக்கு மாத்துவாரு, அப்பறம் கூப்டுக்குவாரு, வூடு அப்டியே இருக்கும்னான். நானும் சரின்னேன். ரெண்டு மாசம்டா! உன் வேலயும் இருந்திருக்கும், என் வேலயும் இருந்திருக்கும். வந்து வாயத் தொறந்து எல்லாத்தயும் பேஜார் பண்ணிட்டியேடா."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். போர்மேன் மேல் கோபம். முதலாளி மேல் கோபம். இதை முன்கூட்டியே என் காதில் போடாத காதர் பாய் மேலும் கோபம். நான் சொன்னது உண்மைதானே? ஒரு வார்த்தை தப்பு உண்டா?

இல்லை. ஆனால் அந்த உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வியாழக்கிழமை. நகம் நுழைந்த இடத்தைப் பார்த்த அன்றைக்கு.

லைன் வீட்டைக் காலி செய்கிற அன்று சாமான் ஏற்ற உதவலாம் என்று போனேன். தள்ளுவண்டியில் கட்டில் ஏறியிருந்தது. வாசலில் இருந்த ஒரு அலுமினியக் குண்டானை எடுத்தேன். காதர் பாய் பெண்டாட்டி என் கையிலிருந்து அதை வாங்கி மறுபடி தரையில் வைத்தார். பிறகு அவரே எடுத்துப்போய் வண்டியில் வைத்தார். நான் வந்துவிட்டேன்.

புதுப் பேலன்சர்

சில மாசம் குடியாத்தத்தில் தறி ரிப்பேர் செய்தேன். ரிப்பேர் ஆன தறியைக் காட்டிவிட்டு அப்பா வெளியே போய்விடுவார். அது திட்டுவதைவிட மோசம்.

ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தான். அந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போய் ஞாபகமாகப் புதுப் பேலன்சர் அனுப்பியிருக்கிறார். மாட்டத் தெரிந்த ஆள் இல்லை. போர்மேன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், முதலாளி தடுத்துவிட்டார்.

போனேன். அந்தப் பார்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வந்திருந்தது. புது ரப்பர் வாசனை. வளையத்தின் மேல் டைமிங் பார்க்கிற வெட்டுக்கோடு ஊசிபோல் இருந்தது. தண்டைத் துடைத்து, குடம் நழுவாமல் பிடிக்கிற சாவித் துண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ரப்பர் அங்கேயே பிய்ந்துவிடும். அதனால் குடத்தை வெந்நீரில் நனைத்த துணியால் சூடேற்றி, தண்டில் நீள போல்ட் மாட்டி, நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி உள்ளே இழுத்தேன். அவசரமே இல்லாமல் அது தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. உடைந்த ரேடியேட்டரை ஏற்கெனவே பற்றவைத்திருந்தார்கள்.

ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீரை இன்ஜின் மேல் வைத்திருந்தால் அலை எழுந்திருக்காது.

முதலாளி வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "திங்கக்கெழம வேலைக்கு வந்துரு" என்றார்.

"மொதலாளி, காதர் பாய்..."

"அவன் கத வேற. நீ பொய் சொல்லல. அதுக்குத்தான் உன்ன கூப்புடறேன்."

டிரைவர் சீட்டில் போர்மேனின் தங்கச்சி புருஷன் உட்கார்ந்திருந்தான். லைன் வீட்டுக் கதவு புதுசாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டு

நாலைந்து வருஷம் கழித்துக் காதர் பாயைப் பார்த்தேன். சோளிங்கர் மலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. வேனை விட்டு இறங்கி அவரே என்னிடம் வந்தார். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். வாணியம்பாடிப் பக்கம் மச்சான் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்களாம்.

"அங்கியே இருக்கியா?"

"ஆமா பாய்."

"பிட்டரா?"

"இப்ப போர்மேன்."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நையாண்டியாகவெல்லாம் பேசவில்லை, விவரம் சரிபார்க்கிற மாதிரிதான் சொன்னார்.

"நல்லது ஏழுமலை. அன்னிக்கி உண்மைய நீ சொன்ன, வெல மட்டும் என் வூட்லேர்ந்து போச்சி."

ஆள் சேர்ந்துவிட்டது என்று கிளீனர் கூப்பிட்டான். அவர் போய் ஏறிக்கொண்டார். என்னிடம் இருந்த ஒரே பதிலை, பாய் இல்லாமல் நானும் வரமாட்டேன் என்பதை, அந்தத் திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.